செமன் டின்னும் கடைக்காரனின் நாணயமும்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எந்தக் கடையில் போய் "செமன் டின் ஒன்று தாங்க" என்று கேட்டாலும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தருவார். ஆனால் அந்த டின்னுக்குள் பெரும்பாலும் செமன் இருப்பதில்லை. ஆங்கிலத்தில் 'சல்மன்' என்று ஒரு மீனுக்குப் பெயர். வட அமெரிக்காவின் பசுபிக் கரையில் 1864ஆம் ஆண்டிலிருந்து அந்த மீனை டின்னில் அடைத்தார்கள். அதன் பெயர் சிங்களத்தில் 'செமன்' ஆகி, நமது வாயிலும் அப்படியே நிலைத்துவிட்டது. இன்று நாம் விற்பது ஜக் மெக்கரல், மெக்கரல், சூரை போன்ற வேறு மீன்கள். மீன் மாறியது, நாடு மாறியது, விலை மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை.

இது நமது ஊரில் மட்டும் நடந்த விடயம் அல்ல. பசுபிக் கடலில் உள்ள சமோவா தீவில் டின்னில் வரும் மாட்டிறைச்சிக்கு 'பிசுப்போ' என்று பெயர். அங்கே முதலில் டின்னில் வந்து இறங்கியது பட்டாணி சூப். ஆங்கிலத்தில் அதை 'பீ சூப்' என்பார்கள். அந்தப் பெயரே பின்னர் இறைச்சி டின்னுக்கும் ஆகிவிட்டது. டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்குக் கண்ணால் பார்க்க வழியில்லை. பெயரையும், லேபலையும், விற்கிற ஆளையும் நம்பித்தான் காசு கொடுக்கிறான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நசுங்கிய டின்களும், திகதி முடிந்த டின்களும், லேபல் கழற்றிப் புதிதாக ஒட்டிய டின்களும் 'டமேஜ் லொட்' என்ற பெயரில் பாதி விலைக்கும் குறைவாகக் கைமாறுகின்றன. நகரத்துக் கடைகளில் விலைப்படாத அந்தச் சரக்கு எங்கே போகிறது? உள்ளூர்க் கிராமங்களுக்குப் போகிறது. அங்கே பரிசோதகர் வருவது குறைவு. வாங்குகிறவருக்கு லேபலில் உள்ள ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இந்த வியாபாரம் தவறு என்பதும், மார்க்க ரீதியில் மட்டுமல்ல, வியாபாரக் கணக்கிலும் நட்டம் என்பதும் என்னுடைய கருத்து. அதை விளங்கிக்கொள்ள டின் உணவின் சரித்திரத்தைச் சிறிது பார்க்க வேண்டும்.

டின் உணவு பிறந்ததே யுத்தத்துக்காகத்தான். நெப்போலியன் காலத்தில் பிரான்சின் படைக்கும் கப்பல்களுக்கும் கெட்டுப் போகாத உணவு தேவைப்பட்டது. நிக்கொலா அப்பேர் என்ற மிட்டாய் வியாபாரி, உணவைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, நீண்ட நேரம் கொதிநீரில் வைத்தால் அது மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்தார். 1810இல் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங் பரிசு கொடுத்தது. அவர் விஞ்ஞானி அல்ல, நம்மைப் போல ஒரு வியாபாரி. உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. கிருமிகளைப் பற்றி லூயி பாஸ்டர் சொன்னது ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான். அதே 1810இல் இலண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர், போத்தலுக்குப் பதிலாக வெள்ளீயம் பூசிய இரும்புத் தகரத்தைப் பாவிக்கலாம் என்று உரிமப் பத்திரம் எடுத்தார். 1813 அளவில் அங்கே தொழிற்சாலை வந்துவிட்டது. முதல் வாடிக்கையாளர்கள் பிரித்தானியக் கடற்படையும் தரைப்படையும். டின் வெட்டும் கருவி வருவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை சுத்தியலும் உளியும்தான்.

அடுத்து வந்தது மாட்டிறைச்சி. 'கோர்ன்ட் பீஃப்' என்ற பெயரில் உள்ள 'கோர்ன்' சோளம் அல்ல. இறைச்சியைப் பதப்படுத்தப் பாவித்த பெரிய உப்பு மணிகளை அது குறிக்கும். தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டின் ஃப்ரே பென்டோஸ் என்ற ஊரில் 1860களில் இறைச்சிச் சாறு எடுக்கும் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு அதுவே கோர்ன்ட் பீஃபை டின்னில் அடைத்து உலகமெங்கும் அனுப்பியது. முதலாம் உலக யுத்தத்தில் அகழிகளில் கிடந்த பிரித்தானியச் சிப்பாய்களின் சாப்பாடு இதுதான். அந்தத் தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டு, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அமெரிக்காவில் ஹோர்மல் கம்பனி 1937இல் 'ஸ்பாம்' என்ற டின்னைக் கொண்டுவந்தது. அது பன்றி இறைச்சி, நமக்கு ஆகாது. ஆனால் அதன் வியாபாரச் சரித்திரம் படிப்பினை உள்ளது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படை போன இடமெல்லாம் அந்த டின்னும் போனது. ஹவாய், ஒக்கினாவா, பிலிப்பைன்ஸ், கொரியா எங்கும் யுத்தம் முடிந்து பல பத்து ஆண்டுகள் ஆகியும் அந்த ருசி போகவில்லை. கொரியாவில் இராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த டின் இறைச்சியைக் காரமான குழம்பில் போட்டுச் சமைத்த ஏழைச் சாப்பாடு, இன்று உணவகங்களில் விரும்பிச் சாப்பிடும் பண்டமாக இருக்கிறது. பஞ்ச காலத்தில் கைகொடுத்த உணவைச் சனம் நல்ல காலத்திலும் மறப்பதில்லை.

வன்னியின் கதையும் இதுதான். இந்த மண்ணில் மீனுக்கு என்ன குறை? கிழக்கே முல்லைத்தீவுக் கடல், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய். உள்ளே இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்கள். இப்படிப்பட்ட இடத்தில் வெளிநாட்டு மீன் டின் எப்படி இத்தனை வேரூன்றியது?

1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு வன்னிப் பெருநிலத்துக்கு மின்சாரம் இல்லாமல் போனது. மின்சாரம் இல்லாவிட்டால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாவிட்டால் பிடித்த மீன் கரையைத் தாண்டாது. எரிபொருளுக்குக் கட்டுப்பாடு. கடலில் இறங்குவதற்கும் கட்டுப்பாடு. சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியது. காட்டோரம் மரத்தடியில் அடுப்பு மூட்டுகிற குடும்பத்துக்குக் குளிரூட்டி வேண்டாத, நாற்றம் எடுக்காத, பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய கறி எது? கருவாடும் செமன் டின்னும்தான். கருவாட்டுக்கு மழை ஆகாது. டின்னுக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது, வவுனியாவிலிருந்து வடக்கே போன சரக்கு லொறிகளை நான் பார்த்திருக்கிறேன். ஓமந்தையில் இராணுவச் சோதனை, புளியங்குளத்தில் புலிகளின் வரி. அந்த இரண்டையும் தாண்டிப் போய்ச் சேரும்போது ஒவ்வொரு சாமானின் விலையும் ஏறியிருக்கும். அப்படி ஏறியும் டின் விற்றது. 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் பூட்டப்பட்டது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அடைபட்டுக் கிடந்தபோது, உறவினர்கள் என் கடையில் வாங்கிப் பைகளில் கட்டிக்கொண்டு போன சாமான்களில் பால்மாவும் பிஸ்கட்டும் செமன் டின்னும் முன்னால் நிற்கும். எவ்வளவு கஷ்டத்தில் சேர்த்த காசு என்பதை அந்த நோட்டுகளின் கசங்கலே சொல்லும்.

இங்கே இன்னொரு விடயமும் உண்டு. இறைச்சி டின் ஏன் வன்னியில் எடுபடவில்லை, மீன் டின் ஏன் எடுபட்டது? கடைக்காரனுக்கு இது எளிதில் விளங்கும். மாட்டிறைச்சி டின்னைச் சைவ அயலவர் தொடமாட்டார். முஸ்லிம் வாடிக்கையாளருக்கு அது ஹலாலாக அறுக்கப்பட்டதா என்று தெரிய வேண்டும். பன்றி இறைச்சி என்றால் பேச்சே இல்லை. மீனுக்கு அறுப்பு என்ற கேள்வி எழுவதில்லை. அதனால் ஒரே பெட்டியைத் தமிழருக்கும் முஸ்லிமுக்கும் சிங்களவருக்கும் விற்கலாம். வெள்ளிக்கிழமைகளில் சைவக் குடும்பங்களின் வாங்கல் குறையும். நமது நோன்பு மாதத்தில் கட்லட், ரோல்ஸ், பட்டீஸ் என்று வாங்கல் கூடும். வருடம் முழுக்க எல்லாச் சமூகத்தையும் ஒரே தட்டில் இருந்து கூப்பிடுகிற சாமான் கடையில் எத்தனை உண்டு? உப்பு, சீனி, மாவு, அதற்கு அடுத்தது செமன்.

ஆகவே இந்த டின்னின் பிரபலம் விளம்பரத்தால் வந்தது அல்ல. ஒன்றையும் நம்ப முடியாத காலத்தில், திறந்தால் உள்ளே நல்ல மீன் இருக்கும் என்ற ஒரு நம்பிக்கை மட்டும் பொய்க்கவில்லை. அந்த நம்பிக்கையைத்தான் டமேஜ் லொட் வியாபாரம் தின்னப் பார்க்கிறது.

டின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஆபத்தும் விளங்கும். மீனை டின்னில் இட்டு, காற்றை நீக்கி, மூடியின் ஓரத்தை உடலோடு மடித்து இறுக்குகிறார்கள். பிறகு நீராவி அழுத்தத்தில் ஏறக்குறைய 115 முதல் 121 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். கொதிநீரின் 100 பாகை போதாது. பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டிலும் பிழைத்துவிடும். சரியாகச் சூடாக்கிய பிறகு உள்ளே உயிருள்ள கிருமி இல்லை. வெளியே உள்ளது உள்ளே போகாதவரை உணவு பத்திரம். முழுப் பாதுகாப்பும் அந்த மடிப்பு ஓரத்தில்தான் இருக்கிறது. ஓரத்தில் அடி விழுந்தால் மயிரிழை அளவு வெடிப்புப் போதும். கண்ணுக்குத் தெரியாது. டின் உப்பினால் மட்டுமே நமக்குத் தெரியவரும். எல்லா நஞ்சும் டின்னை உப்ப வைப்பதில்லை. எல்லா நஞ்சும் நாறுவதும் இல்லை.

ஒரு சிறிய ஓட்டை என்ன செய்யும் என்பதற்கு ஸ்கொட்லாந்தில் அபர்டீன் நகரம் சாட்சி. 1964இல் அங்கே 400க்கும் மேற்பட்டவர்களுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. தேடிப் பார்த்தபோது ஆர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு பெரிய கோர்ன்ட் பீஃப் டின்னில் போய் முடிந்தது. தொழிற்சாலையில் சூடாக்கிய டின்களைக் குளிர வைப்பதற்குச் சுத்திகரிக்காத ஆற்று நீரைப் பாவித்திருக்கிறார்கள். டின் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஓரத்தில் இருந்த நுண்ணிய துளை வழியாக அந்த நீரை உறிஞ்சிக்கொண்டது. நகரத்து சுப்பர் மார்க்கட் ஒன்றில் அந்த டின்னைத் திறந்து, இறைச்சி வெட்டும் இயந்திரத்தில் சீவி விற்றார்கள். அதே இயந்திரத்தில் வெட்டிய மற்ற இறைச்சிகளுக்கும் கிருமி தொற்றியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே இங்கிலாந்தின் சில ஊர்களில் இதே போல நோய் வந்து, டின் இறைச்சி மீது சந்தேகம் எழுந்திருந்தது. சந்தேகம் எழுந்தபோதே சரக்கை நிறுத்தியிருந்தால் அபர்டீன் தப்பியிருக்கும். அந்த விபத்துக்குப் பிறகு நல்ல கம்பனிகளின் டின்னையும் சனம் சந்தேகத்தோடு பார்த்தது. பிழை செய்தவன் ஒருவன், நட்டப்பட்டது முழு வியாபாரம்.

டமேஜ் லொட்டுக்காகப் பேசுகிறவர்கள் சொல்லும் நியாயங்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஒரு தரகர் என் கடைக்கு வந்து, "நானா, மீன் நல்ல மீன், லேபல் மட்டும்தான் பழசு. புது லேபல் நாங்களே ஒட்டித் தாறோம்" என்றார். லேபல் மட்டும்தான் பழசு என்றால் அதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

ஏழைக்கு மலிவாகக் கிடைக்கட்டுமே என்பது அடுத்த நியாயம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போனபோது, பெரிய டின் வாங்கிய குடும்பங்கள் சிறிய டின்னுக்கு இறங்கின. சிறிய டின் வாங்கியவர்கள் அதையும் விட்டார்கள். மலிவுச் சரக்கு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஏழைக்கு மலிவாகக் கொடுப்பது வேறு, ஏழையை ஏமாற்றுவது வேறு. உடல் பகுதியில் மட்டும் இலேசாக நசுங்கி, ஓரம் பழுதில்லாமல், திகதியும் உள்ள டின் என்றால் அதைத் தனியாக வைத்து, "இது நசுங்கியது, அதனால் விலை குறைவு" என்று சொல்லி விற்கலாம். வாங்குகிறவர் பார்த்துத் தீர்மானிக்கட்டும். திகதி மாற்றிய டின்னை எவ்வளவு குறைத்து விற்றாலும் அது மலிவு ஆகாது. கணவனை இழந்து, கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளை வளர்க்கிற பெண்கள் வன்னியில் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் தாயின் இரண்டு நாள் கூலி போய்விடும். பஸ் செலவு, மருந்துச் செலவு வேறு. குறைத்துக் கொடுத்த விலையைப் போல் பல மடங்கை அவள் கட்டுகிறாள்.

எல்லாரும் செய்கிறார்கள், நான் மட்டும் விட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். சட்டத்தை முதலில் சொல்கிறேன். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. லேபலை மாற்றுவதும் அழிப்பதும் குற்றம். பிடிபடும்போது தரகர் நீதிமன்றத்துக்கு வரமாட்டார், கடைக்காரர்தான் நிற்க வேண்டும். பத்திரிகையில் வருவதும் அவருடைய கடைதான். இனி சட்டத்துக்கு மேலே உள்ளதைச் சொல்கிறேன். நமது நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நம்மில் யாருக்குத் தெரியாது? நனைந்த தானியத்தை விற்க வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மறைக்க வேண்டாம் என்றுதான் கண்டித்தார்கள். தானியத்துக்குள் கையை விட்டாவது பார்க்கலாம். மூடிய டின்னுக்குள் யார் கையை விடுவது? அதனால் டின் விற்பவனுக்குப் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்விதான் உண்மையான கேள்வி. சில்லறைக் கடைக்காரர் பத்துப் பெட்டி வாங்குகிறார். இரண்டு பெட்டி திகதி முடிகிறது. மொத்த வியாபாரி திருப்பி எடுப்பதில்லை. இறக்குமதியாளர் தொலைபேசியை எடுப்பதில்லை. கடைசியில் நட்டம் கிராமத்துக் கடைக்காரர் தலையில் விழுகிறது. அவர் அதை வாடிக்கையாளர் தலையில் இறக்கப் பார்க்கிறார். இதை ஒவ்வொருவரும் தனித்தனியாக மாற்ற முடியாது, சேர்ந்து நின்றால் மாற்றலாம். திகதி முடிய இத்தனை மாதத்துக்கு முன் அறிவித்தால் திருப்பி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை விலைச்சீட்டிலேயே எழுதித் தரும் மொத்த வியாபாரியிடம் மட்டும் வாங்குவோம் என்று நமது ஊர் வர்த்தக சங்கங்கள் தீர்மானிக்கட்டும். மூன்று மாவட்டக் கடைகளும் ஒரே குரலில் கேட்டால் கொழும்பு புறக்கோட்டை கேட்கும். பெரிய சுப்பர் மார்க்கட்டுகள் இப்படித்தான் நிபந்தனை போட்டு வாங்குகின்றன. சிறியவர்கள் தனித்தனியாகப் போவதால்தான் நமக்கு அது கிடைப்பதில்லை.

அதுவரை நமது கையில் உள்ளதைச் செய்வோம். டின்னை வாங்கும்போது பெட்டியின் திகதியை மட்டும் பார்க்காமல், டின்னின் மூடியில் பொறித்த குறியீட்டையும் லேபலில் உள்ள திகதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எஸ்.எல்.எஸ். 591 என்பது டின் மீனுக்கான இலங்கைத் தரம். அது இருக்கிறதா என்று பாருங்கள். 425 கிராம் என்பது நீரும் மீனும் சேர்ந்த நிறை. வடித்த மீனின் நிறை எவ்வளவு என்று பார்த்தால்தான் எந்த டின் மலிவு என்று தெரியும். என்ன மீன் என்பதையும் வாசியுங்கள். தென் பசுபிக்கில் ஜக் மெக்கரல் 1990களின் நடுவில் வருடத்துக்கு 40 இலட்சம் தொன்னுக்கு மேல் பிடிக்கப்பட்டது. 2010களின் தொடக்கத்தில் அது பத்தில் ஒரு பங்களவுக்கு விழுந்தது. இப்படி மீன் குறையும்போது டின்னுக்குள் வேறு மீனும் வரும். அது குற்றமில்லை. ஆனால் கேட்கிற வாடிக்கையாளருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கடையில் டின்களைத் தகரக் கூரைக்கு அண்மையில் அடுக்காதீர்கள். வன்னி வெயிலில் கூரைக்கடியில் உள்ள சூடு டின்னுக்கும் ஆகாது. சீமெந்துத் தரையில் நேரே வைத்தால் ஈரத்தில் அடி துருப்பிடிக்கும், பலகை போடுங்கள். பழைய சரக்கு முன்னால், புதிய சரக்கு பின்னால். உப்பிய டின், ஓரம் நசுங்கிய டின், துருப்பிடித்து ஓட்டை விழுந்த டின் மூன்றையும் குத்தி உடைத்துக் குழியில் புதையுங்கள். முழுதாக எறிந்தால் யாராவது பொறுக்கிக்கொண்டு போய் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். வாங்குகிறவரிடம், திறந்த டின்னில் மிச்சத்தை வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு வார்த்தைக்குச் செலவில்லை.

சகோதரர்களே, வன்னியில் நமது சமூகத்தின் கடைகளுக்கு இன்று எல்லாச் சமூகத்தவரும் வருகிறார்கள். யுத்தம் பிரித்துப் போட்ட இடத்தில், ஒரு தமிழ்த் தாய் முஸ்லிம் கடையில் லேபலை வாசிக்காமலே ஒரு டின்னை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறாள் என்றால், அது பல வருடமாகச் சேர்த்த மூலதனம். எந்த வங்கியும் அதைக் கடனாகத் தராது. ஒரு பெட்டிக்குச் சில நூறு ரூபா மிச்சத்துக்காக அதை விற்பவர் வியாபாரம் தெரியாதவர் என்றுதான் நான் சொல்வேன்.